புதுப்பிப்பு: கழற்றிய அசல் பாகங்களில் எதை வைத்தேன், எதை விற்றேன்

காரின் சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட், சக்கரங்கள் ஆகியவற்றை மாற்றிய பின் அசல் பாகங்களை வைத்திருப்பதா விற்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொன்னீர்கள். அதில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டேன்.

வினையூக்கி மாற்றியோடு (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம்) கூடிய எக்ஸாஸ்டை விற்கவில்லை. புகைப் பரிசோதனையில் வண்டி தேறாவிட்டால் அதைத் திரும்பப் பொருத்த வேண்டியிருக்கும்; மேலும், அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால், அவசரத்தில் விற்றுவிட்டுப் பிறகு புதிதாக வாங்கப் போனால் கையைக் கடிக்கும்.

ஷாக் அப்சார்பர்களைத் துடைத்தபோது, ஒன்றின் தண்டருகே எண்ணெய் கசிந்து தூசியோடு களிம்பாக அப்பியிருந்ததைக் கண்டேன். ஆகவே அந்த ஜோடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஸ்பிரிங்குகளுக்கு மட்டும் துருப்பிடிக்காதபடி எண்ணெய் தடவி, எது எந்தப் பக்கத்துக்கு உரியது என்று சீட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

சக்கரங்களை டயரோடு விற்றுவிட்டேன். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும் என்பதால், காத்திருந்தால் டயரின் மதிப்பு குறையுமே தவிர ஏறாது. என் கார் அரிய மாடலாக இருந்திருந்தால் சக்கரங்களை நிச்சயம் விட்டிருக்க மாட்டேன். அசல் நட்டுகள் சக்கரத்தில் பதிந்து உட்காரும் பகுதியின் வடிவம் அந்தச் சக்கரங்களுக்கே பொருந்தும் என்பதால், அவற்றையும் எண்ணிப் பார்த்துச் சேர்த்தே கொடுத்தேன்.