மறு: ‘மனிதமயமாக்கப்பட்ட ஆன்டிபாடி’க்கு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

‘Humanized antibody’யைத் தமிழில் சொல்ல ‘மனிதமயமாக்கப்பட்ட’ வேண்டாம். தனியார்மயம், உலகமயம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது அரசாங்கக் கொள்கை மாதிரி ஒலிக்கிறது. எதிர்ப்பொருள் என்பது ஆன்டிபாடிதான், அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் செய்யும் புரதம். ஆனால் நேற்று ஒருவர் சொன்ன ‘மனித எதிர்ப்பொருள்’ இன்னும் சிக்கல். ஒசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் பெங்களூரு வருபவர்களுக்கான துண்டறிக்கை இது. யாரோ ஒருவர் ரத்தத்தில் எடுத்த மருந்து என்றுதான் நினைப்பார்கள். தவிர, முழுக்க மனிதப் புரத வரிசையிலேயே அமைந்த அடாலிமுமாப் போன்ற மருந்துகள் தனி வகை. ‘மனித எதிர்ப்பொருள்’ என்ற பெயர் அவற்றுக்கு வேண்டும்.

1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் காட்டிய வழியில் ஒரே வகை எதிர்ப்பொருளை எலிச் செல்களிலிருந்து வேண்டிய மட்டும் எடுக்கலாம். கர்ப்பச் சோதனைப் பட்டைக்கு அந்த எலிச் சரக்கே போதும். ஊசியில் ஏற்றினால்தான் வம்பு: நம் உடல் மருந்தையே அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கும். 1986இல் விஞ்ஞானி கிரெக் வின்டரின் குழு இதற்கு வழி திறந்தது. இலக்கைப் பற்றும் நுனி வளையங்களை மட்டும் எலியிடமிருந்து எடுத்து, மனிதச் சட்டகத்தில் பொருத்துவது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் இந்த வகைதான்.

அப்படியானால் ‘மனித ஒட்டு’ எனலாமே என்று கேட்கலாம். ஒட்டு மாங்கன்றுக்கு மேலே வைத்த தளிரின் பெயர்தான் வரும், வேர்க்கன்றின் பெயர் வராது. அந்தக் கணக்கில் ‘மனித ஒட்டு’ என்றால் எலி உடம்பில் மனித நுனி! தலைகீழ்.

என் பரிந்துரை: மனிதப்படுத்திய எதிர்ப்பொருள். பதப்படுத்திய, பண்படுத்திய போல, வேறொன்றாக இருந்ததை வேலை செய்து மாற்றியிருக்கிறோம் என்பது சொல்லிலேயே தெரியும். மனிதப்படுத்து, மனிதப்படுத்தல் என்று வினையும் பெயரும் தடையில்லாமல் கிளைக்கும்.

——

அண்ணா, ‘மனிதப்படுத்திய’ சரி. ரிடுக்சிமாப் என்ற மருந்தையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அதில் வளையம் மட்டுமல்ல, அந்த வளையங்களைத் தாங்கும் எலியின் ‘மாறும் பகுதி’ (எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் வேறுபடும் பகுதி) முழுதும் அப்படியே இருக்கிறது. அதற்கு ‘ஈரின எதிர்ப்பொருள்’ வைக்கலாமா? ‘கலப்பு’ என்றால் கலப்படம் நினைவுக்கு வரும், மருந்துக்கு ஆகாது.

அப்புறம், துண்டறிக்கையில் ‘எதிர்ப்பொருள்’ முதலில் வரும் இடத்தில் ‘ஆன்டிபாடி’யையும் பக்கத்தில் போடுங்கள். டாக்டர் வாயில் அதுதான் வரும். இலங்கை நண்பர்கள் ஆன்டிபாடிக்கு அங்கே வழங்கும் ‘பிறபொருளெதிரி’க்காகச் சண்டைக்கு வருவார்கள், அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம்.