டார்ட்மண்டர் நாவல் படித்தவர்கள் யாராவது உண்டா? படம் ஏன் இப்படிச் சொதப்பியது?

மழைக்குருவி:
டொனால்ட் வெஸ்ட்லேக்கின் 'வாட்ஸ் த வொர்ஸ்ட் தட் குட் ஹேப்பன்?' நாவலைப் போன வாரம் ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்து படித்தேன். டார்ட்மண்டர் என்கிற திருடன், ஆளில்லை என்று நம்பி ஒரு கோடீஸ்வரனின் பங்களாவில் நுழைகிறான். ஆள் உள்ளேயே இருக்கிறார். துப்பாக்கியைக் காட்டி மடக்கிப் போலீஸைக் கூப்பிடுகிறார். அதோடு விட்டாரா? திருடன் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டி, அது தன்னுடையது என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்! நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சரி, அவருக்கும் காட்டலாமே என்று 2001இல் வந்த படத்தைப் போட்டேன். மார்ட்டின் லாரன்ஸ், டேனி டிவிட்டோ. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா அன்னைக்கு அப்படிச் சிரிச்சே?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மோதிரம் அதேதான், டிவிட்டோவும் மோசமில்லை. சிரிப்பு மட்டும் எங்கே போயிற்று?

கடைசிபெஞ்ச்:
அந்தப் படத்தை அப்போதே விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். டார்ட்மண்டர் என்ற பெயரைக்கூட வைக்கவில்லை, கெவின் காஃப்ரியாம். நியூயார்க் திருடனை பாஸ்டனுக்கு வேறு குடிமாற்றிவிட்டார்கள்.

பழையபேப்பர்:
மழைக்குருவி, டார்ட்மண்டரோடு நான் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். 1970இல் தொடங்கி 2009வரை 14 நாவல்கள், எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. நீங்கள் சிரித்தது மோதிரத்துக்காக இல்லை. தோள் தொங்கிப்போய், இழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு நிற்கிறானே, அவனுக்கு அது நடந்ததால் சிரித்தீர்கள். திட்டம் போடுவதில் அவன் கெட்டிக்காரன், ராசிதான் கிடையாது. இந்த நாவலில் வெஸ்ட்லேக் அதையும் புரட்டிப் போடுகிறார். மோதிரத்தைத் தேடி வாஷிங்டன், லாஸ் வேகஸ் என்று போகிற இடமெல்லாம் கூட்டாளிகளுக்கு அள்ள அள்ளப் பணம். இவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இத்தனைக்கும் அது காதலி மேயின் மாமா விட்டுப்போன மலிவு மோதிரம்! லாரன்ஸோ துள்ளுகிறார், கண்ணை உருட்டுகிறார். அந்த ஆளுக்கு மோதிரம் போனால் என்ன, இருந்தால் என்ன?

இன்னொன்று. இவர்கள் கூடிப் பேசும் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவின் ஓ.ஜே. பாரில் ரோலோ என்றொருவர் சரக்கு ஊற்றுவார். வருகிறவர்களைப் பெயரால் அல்ல, குடிக்கிற சரக்கால்தான் அவருக்குத் தெரியும். 'பீரும் உப்பும்' என்றால் வண்டி ஓட்டும் மர்ச். இன்னொரு கூட்டாளி ஆண்டி கெல்ப் திருடுவதெல்லாம் டாக்டர்களின் கார். தினமும் வலியையும் சாவையும் பார்க்கிறவர்கள் தங்கள் சொகுசில் குறை வைக்க மாட்டார்கள் என்பது அவன் சித்தாந்தம். எழுத்தில் ஒரு பக்கம் நின்று ரசிக்கிறோம், சினிமாவில் அது ஒரு கார் கதவு திறக்கிற சத்தம்.

கடைசிபெஞ்ச்:
அப்போ 1972இல் வந்த இன்னொரு டார்ட்மண்டர் படம், 'தி ஹாட் ராக்'? ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்தது. எனக்குப் பிடித்திருந்தது.

பழையபேப்பர்:
அதை மட்டும் மன்னித்துவிடலாம். வில்லியம் கோல்ட்மேன் திரைக்கதை, பீட்டர் யேட்ஸ் இயக்கம். ரெட்ஃபோர்டுக்கு அழகு ஜாஸ்தி, அவ்வளவுதான் என் புகார். அந்த நாவல் பிறந்ததே ஒரு விபத்து. பார்க்கர் என்ற முரட்டுத் திருடனை வைத்து வேறு பெயரில் எழுதிக்கொண்டிருந்த வெஸ்ட்லேக், ஒரே ரத்தினக்கல்லைத் திரும்பத் திரும்பத் திருட வேண்டிய கதை ஒன்றை அவனுக்காக யோசித்தார். அது தமாஷாகிக்கொண்டே போனது. பார்க்கர் அதைத் தாங்கமாட்டான் என்றுதான் டார்ட்மண்டரை உண்டாக்கினார். 1974இல் வந்த 'பேங்க் ஷாட்' வேண்டாம். நடமாடும் வீட்டில் இயங்கும் வங்கியை அப்படியே இழுத்துக்கொண்டு போகிற அருமையான கதை, ஜார்ஜ் சி. ஸ்காட் இருந்தும் தேறவில்லை. அதிலும் பெயரை மாற்றிவிட்டார்கள்!

மழைக்குருவி:
நன்றி. கெல்ப் சித்தாந்தத்தைக் கணவரிடம் சொன்னேன். அவருடைய அண்ணன் டாக்டர், போன மாதம்தான் புதுக் கார் எடுத்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்கிறார்.