கறிவேப்பிலையும் குண்டுமல்லியும் மஞ்சளாகிக்கொண்டே போகின்றன, உரம் போட்டும் தேறவில்லை

கமலாலயக்கரை (திருவாரூர்)

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூருக்கு வெளியே புதிதாக மனை போட்ட ஒரு நகரில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். சில வருடம் முன்பு வரை சம்பா நட்ட வயல்தான், சவுடு அடித்து மேடாக்கி மனை பிரித்தார்கள். கொல்லையில் ஒரு கறிவேப்பிலை, வரிசையாக மூன்று குண்டுமல்லி, சுவர் ஓரமாக ஒரு செம்பருத்தி. நன்றாக ஆழமாகக் குழி வெட்டி, சாணி எரு, மண்புழு உரம் எல்லாம் நிரப்பித்தான் நட்டோம், முதலில் ஜோராக வந்தது. இப்போது கறிவேப்பிலை முட்டிக்கால் உயரத்துக்கு மேல் எழும்பவே இல்லை, இலையெல்லாம் மஞ்சள். மல்லிகையும் அப்படியே, பூ என்று பார்த்தால் சாமி படத்துக்கு வைக்கக்கூடத் தேறுவதில்லை. உரக்கடையில் சொன்னபடி யூரியாவும் டிஏபியும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டோம், பச்சை திரும்பவில்லை. செம்பருத்தி மட்டும் எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. "இந்த மண்ணுக்கு நெல்லைத் தவிர ஒன்றும் வராது, பேசாமல் சிமெண்ட் போட்டு மூடு" என்கிறார் அம்மா. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

குடந்தைக்காரி

புளித்த மோர் ஊற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து கறிவேப்பிலைக்கு அதுதான், வாரம் ஒருமுறை தண்ணீராக விளாவி அடியில் ஊற்றுவோம், இலை கரும்பச்சையாக இருக்கும், வாசனையும் தூக்கலாக இருக்கும். மல்லிகைக்கு அரிசி கழுவின தண்ணீர். டிஏபி எல்லாம் எதற்கு வீட்டுச் செடிக்கு?

பழைய களத்துமேடு (மயிலாடுதுறை)

உரத்தையும் மோரையும் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள். மஞ்சளாவது எந்த இலை? கொழுந்துப் பக்கம் புதிதாக வருகிற இலையா, அடியில் இருக்கிற முதிர்ந்த இலையா? மஞ்சள் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நரம்பு பச்சையாகத் தெரிகிறதா, இல்லை நரம்பும் சேர்ந்து வெளுத்திருக்கிறதா? அடி இலை மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு, அதற்கு யூரியா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பதால்தான் சந்தேகம்.

அப்புறம், ஊற்றுவது என்ன தண்ணீர்? குழியில் எருவோடு வேறு ஏதாவது போட்டீர்களா? கடைசியாக ஒரு வேலை: செடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் விடுங்கள். வடிந்ததும் மறுபடி ஒருமுறை நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவைக் கணக்கு சேராது, காய்ந்த களிமண் வெடிப்பில் தண்ணீர் ஓடிப்போய்விடும்.

கமலாலயக்கரை

பார்த்துவிட்டேன் சார். புது இலைதான் மஞ்சள், கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளையாகவே வருகிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் நரம்பு மட்டும் பச்சையாக, பின்னின வலை மாதிரித் தெரிகிறது. அடி இலை பரவாயில்லை. தண்ணீர் போர் தண்ணீர்தான், வாளியில் இருந்து காய்ந்தால் வெள்ளையாகப் படிகிறது. குழியில் எருவோடு ரைஸ் மில் சாம்பல் இரண்டு மூட்டை கலந்தோம், களிமண் பொலபொலவென்று ஆகும் என்று கொத்தனார் சொன்னார். சாம்பல் பற்றாத இடத்துக்கு வீடு கட்டின இடிசலும் கொஞ்சம் போயிருக்கிறது. நீங்கள் சொன்ன குழியில் நேற்று சாயங்காலம் இரண்டாம் தடவை நிரப்பினேன், இன்று காலையில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே நிற்கிறது.

பழைய களத்துமேடு (மயிலாடுதுறை)

சரி, விஷயம் தெரிந்துவிட்டது. இது இரும்புச்சத்துக் கோளாறு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செடியால் எடுக்க முடியவில்லை. காரணம் ஒன்றல்ல, மூன்று சேர்ந்து வந்திருக்கிறது.

மில் சாம்பல் காரத்தன்மை உள்ளது. இடிசலில் இருக்கிற சிமெண்டும் சுண்ணாம்பும் அதைவிடக் காரம். வாளியில் வெள்ளையாகப் படிகிற போர் தண்ணீரும் அதே கட்சி. மண்ணில் காரம் ஏற ஏற இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேர் பக்கத்திலேயே இருந்தாலும் எடுக்க முடியாது. அதன் மேல் டிஏபியைக் கொட்டினால், அதில் இருக்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமாகி இரும்பை இன்னும் இறுக்கும். கறிவேப்பிலையும் மல்லிகையும் இந்த விஷயத்தில் தொட்டாற்சுருங்கிகள், செம்பருத்தி கொஞ்சம் முரட்டுச் செடி, அதனால் நிற்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர் வடியாதது. உங்கள் மனைக்கு மேலே சவுடு, கீழே பல தலைமுறையாகச் சேற்றுழவு அடித்த வயல். சேறு கலக்கிக் கலக்கி, மாடும் டிராக்டரும் மிதித்து, உழவு ஆழத்துக்குக் கீழே ஓர் அடுக்கு இறுகிப்போய்க் கிடக்கும். வயலில் அது நல்லது, தண்ணீரைத் தாங்கும், அதற்காகத்தான் சேறடிப்பதே. நீங்கள் அதைத் தோண்டி நல்ல எரு மண்ணை நிரப்பியிருக்கிறீர்கள், சுற்றிலும் களி, அடியில் களி, நடுவில் பொலபொல மண். அது குழி இல்லை, வாளி. ஊற்றுகிற தண்ணீர் அத்தனையும் அதில்தான் நிற்கும். நெல்லுக்கு இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்றுக் கொண்டுபோகிற துவாரம் உடம்புக்குள்ளேயே உண்டு, அதனால் தண்ணீரில் நிற்கும். மல்லிகைக்கு அந்த வசதி இல்லை, வேர் மூச்சு முட்டி அழுகும். உங்கள் அம்மா சொன்னதில் பாதி சரி என்று சொல்லிவிடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது: நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள், உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட் என்று கேட்டாலும் அதுதான். பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பு ஏறியிருந்தால் வாங்காதீர்கள், அது காற்றுப்பட்டு வீணாகிவிட்டது. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு 1 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று தருவது. போர் தண்ணீரில் கரைக்காதீர்கள், மழைத் தண்ணீர் அல்லது ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீர் பிடித்துக் கரையுங்கள். எலுமிச்சை உப்பை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் அன்னபேதி. கரைத்த அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரித் தெளிக்க வேண்டும். மல்லிகைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் இந்த 5 கிராம் கணக்குதான், மஞ்சள் மாறும் வரை மாதம் ஒருமுறை. தரையில் டைல்ஸ் இருந்தால் சாக்குப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், துருக்கறை லேசில் போகாது.

அன்னபேதியை மண்ணில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காரமான மண்ணில் போட்டால் கொஞ்ச நாளில் அதுவும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும், காசுக்குக் கேடு. மண்ணில்தான் போட வேண்டும் என்றால் பாக்கெட்டில் இடிடிஎச்ஏ (EDDHA) என்று எழுதியிருக்கிற வகை இரும்புச் சத்து கேட்டு வாங்குங்கள், இடிடிஏ (EDTA) என்று எழுதியிருப்பது காரமான மண்ணில் நிற்காது. விலை அதிகம், அதனால் இரண்டு மூன்று செடிக்குத் தெளிப்பே போதும்.

தெளித்தால் வருகிற இலை பச்சையாகும், அவ்வளவுதான். குழியை அப்படியே விட்டால் அடுத்த கோடையில் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

முல்லைப்பந்தல் (வேதாரண்யம்)

மேலே அண்ணன் சொன்னதோடு என் பங்குக்கு. எங்கள் பக்கம் மணல், உங்கள் பக்கம் களி, ஆனால் உப்புத் தண்ணீர்ப் பாடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு கொல்லையில் பெரிய மரம் வைப்பதையே குறைத்துக்கொண்டோம், முல்லையும் மல்லிகையும்தான், அதனால் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

இலை ஓரமும் நுனியும் தீய்ந்த மாதிரிப் பழுப்பாகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உப்பும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் ஒரு சொம்பு தெளிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மேல்மண் மட்டும் நனைந்து காய்ந்து உப்பு மேலேயே தங்கும். மண் காய விட்டு, ஊற்றும்போது வேர் வரைக்கும் இறங்குகிற மாதிரி ஊற்ற வேண்டும். மாடியில் விழுகிற மழைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் கொல்லைக்குத் திருப்புங்கள், ஐப்பசி கார்த்திகை மழை உப்பை அடித்துக்கொண்டு போகும். ஆனால் வடிகால் இருந்தால்தான் போகும், உங்கள் குழியில் அது சுற்றிச் சுற்றி அங்கேயேதான் கிடக்கும்.

குழி வேண்டவே வேண்டாம். தரைக்கு மேலே மேடு போடுங்கள். ஒன்றரை அடி உயரம், மூன்று நாலு அடி அகலம், செங்கல்லை வெறுமனே அடுக்கி அணை கொடுத்தால் போதும், சிமெண்ட் பூசாதீர்கள், தண்ணீர் கசிந்து வெளியேற வழி வேண்டும். உள்ளே செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கின எரு ஒரு பங்கு. செம்மண் உங்களுக்கு வல்லம், ஒரத்தநாடு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், ஒரு டிராக்டர் டிப்பர் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கினால் கட்டுபடியாகும். மேடு போடுவதற்கு முன்னால் கீழே இருக்கிற களியைக் கடப்பாரையால் குத்திக் கொஞ்சம் உடைத்துவிடுங்கள், சாலைப் பக்கம் சரிவு இருந்தால் ஒரு சின்ன வாய்க்கால்.

குடந்தைக்காரி

எல்லாம் சரி, மோர் வேலையே செய்யாது என்கிறீர்களா? எங்கள் மரம் ஓட்டு உயரத்துக்கு நிற்கிறதே!

பழைய களத்துமேடு (மயிலாடுதுறை)

உங்கள் மரத்தைக் குறை சொல்லவில்லை அம்மா. கும்பகோணத்தில் பழைய வீட்டுக் கொல்லை என்றால் காவிரியும் அரசலாறும் கொண்டுவந்து போட்ட வண்டல், வடிகிற மண், அதில் மோர் ஊற்றினாலும் வரும், ஊற்றாவிட்டாலும் வரும். மோரில் கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் தழைச்சத்தும் உண்டு, கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு மூட்டை சாம்பலின் காரத்தை ஒரு சொம்பு மோர் தணிக்காது. தண்ணீர் தேங்குகிற குழியில் ஊற்றினால் நாற்றமும் எறும்பும்தான் மிச்சம்.

கமலாலயக்கரை

ரொம்ப நன்றி. இலை நுனியும் கொஞ்சம் தீய்ந்துதான் இருக்கிறது, அம்மாவிடம் காட்டினேன். அப்படியானால் இருக்கிற செடிகளைப் பெயர்த்து மேட்டுக்கு மாற்றலாமா? மல்லிகையைக் கவாத்து செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்கள், எப்போது?

முல்லைப்பந்தல் (வேதாரண்யம்)

மல்லிகையை மாற்றலாம். முதலில் கிளையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, சாயங்காலமாக, வேரைச் சுற்றி மண்கட்டி உடையாமல் எடுத்து நடுங்கள். எடுக்கும்போது வேரைப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் பிழைக்கும், கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். புது வேர் பிடிக்கிற வரை உரம் எதுவும் வேண்டாம். ஒரு நாளில் பாதிக்கு மேல் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து மேடு போடுங்கள், பக்கத்து வீட்டு மாடி நிழலில் மல்லிகை தழைக்கும், பூக்காது.

கவாத்து, பரிந்துரைப்படி நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 45–50 செ.மீ. விட்டு வெட்டுவது. நம் பக்கம் அப்போதுதான் அடைமழை, வெட்டுக்காயத்தில் தண்ணீர் இறங்கிக் கிளை காய்வதைப் பார்த்திருக்கிறேன். நான் மழை விட்டு, பொங்கலை ஒட்டித்தான் வெட்டுவேன், பூ கொஞ்சம் தள்ளி வரும், வீட்டுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. இந்த வருடம் மாற்றி நடும்போதே குறைத்துவிடுவதால் உங்களுக்குத் தையிலும் பெரிய கவாத்து தேவைப்படாது, காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள்.

கறிவேப்பிலையை மட்டும் பெயர்க்காதீர்கள், ஆணிவேர் அறுந்தால் எழும்பாது. யார் வீட்டிலாவது பழைய மரத்தடியில் வேர்க்கன்று கிளம்பியிருக்கும், கேட்டு வாங்குங்கள். பழம் கிடைத்தாலும் சரி, கறுத்துப் பழுத்ததைப் பறித்துச் சதையைக் கழுவிவிட்டு உடனே ஊன்ற வேண்டும், நாள் கடந்தால் முளைக்காது. கன்று துளிர்த்ததும் இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் எச்சம் என்று விட்டுவிடாதீர்கள், எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு அது. வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து செக்கச் செவேலென்று இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். சின்னக் கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கும். மருந்து வேண்டாம், சாப்பிடுகிற இலை, காலையில் கையால் எடுத்துப் போடுங்கள்.

பழைய களத்துமேடு (மயிலாடுதுறை)

செம்மண் வாங்குவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் மாவட்டத்திலேயே நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண்ணும் போர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கேளுங்கள். மண்ணை மேலாகச் சுரண்டாமல் அரை அடி ஆழத்துக்கு நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ. தண்ணீரை மோட்டார் கொஞ்ச நேரம் ஓடின பிறகு சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீரில் சோடியம் அதிகம் என்று வந்தால் ஜிப்சம் போடச் சொல்வார்கள், அளவை அவர்கள் சொன்னபடி போடுங்கள், கடையில் கேட்டுப் போடாதீர்கள்.

மிச்சம் இருக்கிற மில் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.