உலக்கை நின்றதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு எப்படிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தை)

2019 டிசம்பர் 26 காலையில் வளையச் சூரிய கிரகணம் எங்கள் ஊரிலேயே முழு வளையமாகத் தெரிந்தது. அன்று என் அம்மா முற்றத்தில் பித்தளைத் தாம்பாளம் வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, அதன் நடுவில் உலக்கையை நிறுத்தினார். அவர் கையை எடுத்த பிறகும் உலக்கை ஆடாமல் நின்றது. அக்கம்பக்கத்தார் வந்து கும்பிட்டுப் போனார்கள், நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, "கிரகணத்தில் மட்டும்தான் நிற்கும் என்று அப்பத்தா சொல்கிறார்கள், அப்படியெல்லாம் இல்லை என்று டீச்சர் சொல்கிறார்கள், இருவரில் யார் சொல்வது பொய்?" என்று கேட்கிறாள்.

என் அம்மா பொய் சொல்கிறவர் அல்லர். நானே நேரில் பார்த்ததை இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் என் மகள் எதையும் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடக் கூடாது என்று விரும்புகிறேன். பெரியவர்களை மதிக்கும் குணமும் கெடாமல், கேள்வி கேட்கும் பழக்கமும் வளர வேண்டுமானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் (அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவர்)

ஐயா, உங்கள் மகள் "யார் பொய்?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை "எது நடந்தது, எது நடந்ததா என்று நாம் பார்க்கவே இல்லை?" என்று மாற்றிக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் அம்மா கண்டது உண்மை, உலக்கை நின்றது. ஆனால் அவர் சொல்வதில் இரண்டு செய்திகள் சேர்ந்திருக்கின்றன. கிரகணத்தன்று உலக்கை நிற்கும் என்பது ஒன்று, மற்ற நாட்களில் நிற்காது என்பது இன்னொன்று. முதலாவதை ஊரே பார்த்திருக்கிறது. இரண்டாவதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தாம்பாளத்தை எடுத்து வைத்து உலக்கையை நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். வேலை இருக்கும் வீட்டில் அதை யாரும் செய்வதில்லை, ஆகவே இந்த நம்பிக்கை சோதனைக்கு வராமலே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது.

நான் வகுப்பில் அதைச் செய்து பார்த்தேன். ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்தடி உலக்கையின் அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருந்தது. அதன் அகலம் இரண்டு அங்குலம். அந்த அளவுக்குக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ இரண்டு டிகிரி சாயும் வரை அது விழக் கூடாது. முதல் நான்கு முறை விழுந்தது, ஐந்தாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விலக்கினோம், நின்றுவிட்டது. தண்ணீரும் இல்லை, தாம்பாளமும் இல்லை, வெறும் சிமெண்டுத் தரைதான். பிறகு பூண் தேய்ந்து அடி உருண்டிருந்த வேறோர் உலக்கையை எவ்வளவு முயன்றும் நிறுத்த முடியவில்லை. கிரகணத்தன்று அத்தகைய உலக்கை கிடைத்த வீட்டில் காணொளி எடுத்திருக்க மாட்டார்கள், ஆகவே நிற்காத உலக்கைகள் நம் பார்வைக்கே வருவதில்லை.

சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் வந்து இழுப்பதால் உலக்கை நிற்கிறது என்று அறிவியல் பூச்சுடன் சொல்லப்படும் விளக்கத்தையும் அவள் கேட்டிருப்பாள். இதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். உலக்கையை இழுக்கும் அதே ஈர்ப்பு, அதன் கீழுள்ள தாம்பாளத்தையும் தரையையும் பூமி முழுவதையும் சேர்த்தே இழுக்கிறது. மிஞ்சும் வேறுபாடு உலக்கையின் எடையில் கோடியில் ஓரிரு பங்குதான். மூன்று கிலோ உலக்கைக்கு அது ஒரு கல் உப்பின் எடைக்கும் குறைவு. மேலும் அன்று காலை ஒன்பதரை மணிக்குச் சூரியன் உச்சியில் இல்லை, தென்கிழக்கில் சாய்வாக இருந்தது. ஈர்ப்புதான் காரணம் என்றால் உலக்கை அந்தப் பக்கம் சாய்ந்தல்லவா இருக்க வேண்டும்? அமாவாசைதோறும் அவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில்தான் இருக்கின்றன என்பதையும் அவளே யோசிக்கட்டும்.

பதில் (மதுரைக்காரர்)

ஆசிரியர் சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் உலக்கை நிறுத்துவதால் யாருக்கு என்ன கெடுதல்? வயதானவரின் மனத்தைப் புண்படுத்தி அதை நிரூபித்துத்தான் ஆக வேண்டுமா? கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே என்று அதே பெரியவர்கள் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது? முன்னோர் சொன்னதில் ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவதே நல்லது.

பதில் (மகப்பேறு பிரிவில் பணிபுரியும் செவிலியர்)

மதுரை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கிரகணத்தை நேரடியாகப் பார்க்கக் கூடாது என்பது முழு உண்மை. விழித்திரைக்கு வலி தெரியாது, ஆகவே அது வெந்து கெட்ட பிறகுதான் பார்வை குறைந்தது தெரியவரும். ஆனால் ஒரு சொல் உண்மையானதால் அதனுடன் ஒரே மூட்டையில் கட்டி வந்த மற்ற சொற்களும் உண்மையாகிவிடாது. மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றே நான் அந்தக் குழந்தைக்குச் சொல்வேன்.

உலக்கையால் கெடுதல் இல்லைதான். ஆனால் அதே கிரகணத்தன்று கர்ப்பிணிகளை இருட்டறையில் உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் மணிக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு கர்ப்பிணி அப்படிப் பட்டினி கிடந்து, வியர்த்து, கை நடுங்கிய நிலையில் எங்களிடம் வந்தார். குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்ற அச்சத்தால், ஏழாம் மாதத்தில் அவரை அப்படி வைத்திருந்தார்கள். குழந்தையின் உதடு உருவாவது கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது. ஏழாம் மாதத்தில் எந்த நிழல் விழுந்தாலும் ஒன்றாகிவிட்ட உதடு பிளக்காது.

அப்படியென்றால் இந்த நம்பிக்கை ஏன் நிலைத்தது? பிளவு உதட்டுடன் குழந்தை பிறந்தால், "கிரகணத்தில் வெளியே வந்தாயா, கத்தியைத் தொட்டாயா?" என்று தாயைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். நல்லபடியாகப் பிறந்த குழந்தையின் தாயிடம் அதை யாரும் கேட்பதில்லை. கேட்டால், கிரகணத்தன்று காய் நறுக்கி, வயலில் வேலை செய்து, குறையின்றிப் பெற்றவர்கள் எத்தனையோ பேர் எழுந்து வருவார்கள். தன்மேல் பழி விழுந்து, குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவாவது இதைக் கேட்டே ஆக வேண்டும், அண்ணா.

பதில் (கோவையில் கணிதம் பயிற்றுவிப்பவர்)

வீட்டில் விளையாடுவதற்கு ஒன்று சொல்கிறேன். பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட சோதனை இது. 2, 4, 6 என்ற மூன்று எண்களும் என் மனத்திலுள்ள விதிக்குப் பொருந்தும், நீயும் மும்மூன்று எண்களாகச் சொல், பொருந்துமா என்று மட்டும் சொல்வேன், விதியைக் கண்டுபிடி என்று மகளிடம் கேளுங்கள். பெரும்பாலும் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "பொருந்தும்" என்று கேட்டு மகிழ்ந்து, "இரண்டிரண்டாகக் கூடும் இரட்டை எண்கள்" என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். தன் எண்ணம் தவறென்றால் என்ன தெரியவரும் என்று தேடாமல், சரியென்று காட்டும் சான்றுகளையே சேர்க்கும் இந்தப் பழக்கம் அப்பத்தாவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. விளையாட்டில் நீங்களும் ஒருமுறை தோற்றுக் காட்டினால் பெரியவர், சிறியவர் என்ற பேச்சே வராது.

கேள்வி கேட்டவர் மீண்டும்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், அம்மாவிடமே கேட்டு உலக்கையை வாங்கினோம். "கிரகணம் இல்லாத நாளில் நிற்கிறதா என்று பார்க்கலாம், நீங்கள்தான் நிறுத்த வேண்டும், உங்கள் கைதான் பழகிய கை" என்று மகள் சொன்னாள். அம்மா இரண்டு முறை நிறுத்தினார், விழுந்தது. மூன்றாம் முறை நின்றது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்குத் தொட்ட உடனே நின்னுச்சு, இன்னைக்கு மூணு தடவை ஆச்சே" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அது நல்ல கேள்வி என்று மகள் சொல்லிவிட்டாள். காணொளியை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம், ஆனால் நான் உலக்கை நின்ற பிறகுதான் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், அதற்கு முன் எத்தனை முறை விழுந்தது என்பது பதிவாகவில்லை. ஆகவே இனி வாரம் ஒருமுறை எத்தனையாவது முயற்சியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது என முடிவு செய்திருக்கிறார்கள். நோட்டில் முதல் வரியாக நேற்றைய தேதியும், 3 என்ற எண்ணும், "நிறுத்தியவர்: அப்பத்தா" என்பதும் எழுதப்பட்டுள்ளன. 2031 மே 21 அன்று அடுத்த வளையக் கிரகணம் தென்மாவட்டங்களில் தெரியும் என்று மகள் தேடிப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதிக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.