விலை குறைவு என்று பழைய வீடு வாங்கினோம், ஓதம் கூடவே வந்தது

பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து குடிபோனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுடையதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு, வயது எழுபதுக்கு மேல். பக்கத்து வீடுகளுக்குச் சொன்ன விலையில் பாதிதான் கேட்டார்கள். முதல் தடவை பார்க்கப் போனபோது ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு, அதுவும் இடுப்பு உயரத்துக்கு மட்டும், புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் மனைவிதான் விரல் முட்டியால் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். மேலே கெட்டிச் சத்தம். கீழே காலிப் பானையைத் தட்டுவது போல. பூச்சு செங்கல்லை விட்டு விலகி நிற்கிறது என்று அர்த்தம். "கொத்திப் பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்று நான்தான் அவசரப்பட்டேன்.

மேஸ்திரி அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து, மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டில் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். சில மாதம் பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், சிமெண்டைத் தாண்டி நாலரை அடிக்கு ஏறியிருந்தது. சிமெண்டின் மேல் விளிம்பு நெடுக வெள்ளையாக உப்பு பூத்து, துடைப்பம் பட்டாலே மாவு மாதிரி கொட்டியது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து செங்கல் உறிஞ்சுகிற ஈரம் காரை வழியாகவும் பூச்சு வழியாகவும் வெளியே வந்து காய்ந்துவிடும். நாங்கள் அந்த வழியை அடைத்துவிட்டோம். ஈரத்துக்குப் போக இடமில்லை, மேலே ஏறிற்று. தண்ணீர் காயும் இடத்தில் அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகிப் பூச்சை உடைத்துத் தள்ளியது. சுண்ணாம்பு பலவீனமான பொருள், சிமெண்ட் போட்டால்தான் பலம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். அதற்கு முந்தைய கட்டடங்கள் எத்தனையோ சுண்ணாம்பில் இன்றும் நிற்கின்றன.

அப்புறம் வந்த இஞ்சினீயர் சுவரை விட்டுவிட்டு முதலில் வீட்டைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் மண்ணை ஏற்றி ஏற்றி, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்து கிடந்தது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் நடுவில் உடைந்து, அந்தச் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டி இறக்கினோம், குழாயை மாற்றினோம், தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுத்தோம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே திறந்து போட்டோம். சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்பது அங்குலச் சுவர். செங்கல் தெரியும் ஹாலில்தான் அத்தனை மாதமும் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் ஏன் இன்னும் பூசவில்லை என்று கேட்பார்கள்.

அவர் சொல்லித்தந்த ஒரு சோதனை உங்களுக்கும் உதவும். ஓர் அடிக்கு ஓர் அடி கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், துளி துளியாக நீர் நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் அறைக் காற்றின் ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

வயரிங் முழுவதும் மாற்றினோம். எர்த் கிடையாது, வயர் உறை தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போட்ட பிறகுதான் பிள்ளைகளை அங்கே தூங்க விட்டோம். குழாய்கள் பழைய ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்ததும் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது, உள்ளே அத்தனை துரு.

*

அண்ணா, நீங்கள் சொன்னது சுண்ணாம்பு வீடு. எங்களுடையது கான்கிரீட் தளம், நாற்பது வருடம் ஆனது. பழுது வேறு மாதிரி, ஆனால் எங்கள் வீட்டிலும் தண்ணீர்தான் ஆரம்பம்.

படுக்கையறைக் கூரையில் பழுப்பு நிறத்தில் நேர்கோடாக ஒரு கறை. "மேல்பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார் விற்றவர். கோடு நேராக இருந்ததைத்தான் நாங்கள் கவனித்திருக்க வேண்டும். அது உள்ளே ஓடுகிற கம்பியின் கோடு. இரும்பு துருப்பிடித்தால் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுமாம். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளந்து கீழே விழுகிறது. குடிபோன மூன்றாம் மாதம், நல்லவேளையாகப் பகலில், கையகலத் துண்டு ஒன்று கட்டிலில் விழுந்தது. தலையணைக்குப் பக்கத்தில். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

சோதித்த இஞ்சினீயர் சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டி, சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஓர் அறையின் தளத்தையே இடித்து மறுபடி போட வேண்டியதாயிற்று. வாங்கும் முன்பே அவரைக் கூட்டிப் போயிருந்தால், அவருக்குக் கொடுக்கும் கட்டணம் அந்தச் செலவில் ஒரு மூலைக்குக்கூட வந்திருக்காது. தயவுசெய்து யாரும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

*

எனக்கு விரிசல்தான் பிரச்சினை. ஜன்னல் மூலையிலிருந்து கீழ்நோக்கி, செங்கல் இணைப்புகளை ஒட்டிப் படிக்கட்டு போல இறங்கியது. மயிரிழை விரிசல் பழைய வீட்டில் இருக்கத்தான் செய்யும். இதில் ஒரு நாணயம் நுழைந்தது.

உடனே அடைக்க ஆள் கூப்பிட்டேன். வந்த பெரியவர், ஐம்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், அடைக்க மாட்டேன் என்றார். "அது இன்னும் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று முதலில் தெரியட்டும், தம்பி." மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையும் பூசி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போனார். கூலிகூட வாங்கவில்லை.

ஐந்தாவது மாதம் கண்ணாடி குறுக்கே உடைந்தது. அந்தப் பக்கம் தோண்டிப் பார்த்தோம். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டு, அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. குழாயைச் சரிசெய்து, அரித்த இடத்தை அவர் சொன்னபடி கெட்டித்தோம். பிறகு இரண்டாவது கண்ணாடி வைத்தார், இன்னொரு தேதி.

ஒன்பது மாதம் ஆகிறது. தினமும் காலையில் ஜன்னலைத் திறக்கும்போது ஒரு முறை பார்த்துவிடுவேன். இரண்டாவது கண்ணாடி உடையவில்லை. வருடம் முடிந்ததும் வந்து பூசித் தருகிறேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.