கொற்கை, காயல், தூத்துக்குடி: துறைமுகம் ஏன் இடம் மாறிக்கொண்டே வந்தது?

கொங்குநாடோடி:
அலுவலக வேலையாகத் தூத்துக்குடி போகிறேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மாதான் இருப்பேன். போகும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் குழப்பம்தான் மிச்சம். பாண்டியர் முத்து விற்ற துறைமுகம் கொற்கை என்கிறார்கள், மார்க்கோ போலோ பார்த்தது காயல் என்கிறார்கள், போர்த்துக்கீசியர் கதை வந்தால் தூத்துக்குடி. மூன்றும் ஒரே ஊரா, வேறு வேறா? அப்புறம் மேப்பில் பழைய துறைமுகம், புதிய துறைமுகம் என்று இரண்டு காட்டுகிறதே, அது என்ன கணக்கு?

முயல்தீவுக்காரன்:
மூன்றும் வேறு வேறு ஊர் அண்ணாச்சி, எல்லாம் தாமிரபரணி பார்த்த வேலை. ஆறு கடலில் விழுகிற இடத்தில்தான் கொற்கை இருந்தது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கழிமுகம் தூர்ந்து, கடல் விலகிப் போய்விட்டது. இன்றைக்கு அங்கே போனால் வயல், வாழை, ஒரு குளம், அவ்வளவுதான். கடலைப் பார்க்க இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். துறை கிழக்கே நகர்ந்து பழையகாயலுக்கு வந்தது, அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கியது அங்கேதான், பிறகு அதுவும் தூர்ந்தது. தூத்துக்குடி தப்பித்ததற்குக் காரணம், அது பெரிய ஆற்றின் வாயில் இல்லை. முன்னால் முயல் தீவு, வான் தீவு என்று தீவுகள் காவலுக்கு நிற்கின்றன, கிழக்கே இலங்கை மறைத்துக்கொள்கிறது, அதனால் அலையும் அவ்வளவாகக் கிடையாது.

காயலர்:
போகிற போக்கில் பழையகாயல் என்று முடித்துவிட்டீர்களே! போலோ சொன்ன காயல் எங்கள் காயல்பட்டினம்தான் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்துப் பழையகாயல் என்று எழுதியவர் கால்டுவெல், 1870களில். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோணித்துறை:
காயல் சண்டை இருக்கட்டும், இரண்டு துறைமுகக் கணக்கைச் சொல்கிறேன். முயல்தீவுக்காரர் சொன்ன அமைதியான கடல் சரிதான், ஆனால் அதில் ஆழம் கிடையாது, அதுதான் இந்த ஊரின் தலைவலி. 1530களில் முத்துக்குளிக்கும் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவிப் போர்த்துக்கீசியர் பாதுகாப்புக்குள் வந்தார்கள், 1658இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1825இல் கடைசியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆள் மாறியதே தவிர, பெரிய கப்பல் எதுவும் கரையை ஒட்டி நின்றதில்லை. பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், பஞ்சுப் பொதியானாலும் கொழும்புக்குப் போகிற ஆளானாலும் படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

அந்தக் கொழும்புப் பாதையில்தான் வ.உ.சி. கை வைத்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, அடுத்த வருடம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, அதுவும் பலிக்காமல் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் இனாமாகக் கொடுத்தது! 1908 தொடக்கத்தில் இங்கிருந்த கோரல் மில் என்ற பஞ்சாலையில் வேலைநிறுத்தம், மார்ச்சில் வ.உ.சி. கைது. அவர் உள்ளே போன பிறகு கம்பெனி தாக்குப்பிடிக்கவில்லை, 1911இல் கலைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் செக்கிழுத்ததை மட்டும் சொல்லிக்கொடுத்து, இந்த வியாபாரச் சண்டையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை ரயிலில் வந்து இங்கே கப்பலேறிய கூட்டம் தனுஷ்கோடி பக்கம் திரும்பிவிட்டது.

கப்பல் கரைக்கே வர வேண்டுமென்றால் கடலுக்குள் சுவர் கட்டித்தான் ஆக வேண்டும். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள், நடுவே தோண்டி ஆழப்படுத்திய கடல், அதுதான் புதிய துறைமுகம். 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள், 2011இல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். பழையதும் சாகவில்லை, மரத் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்கு அங்கிருந்துதான் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போகின்றன. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் மட்டும் ஓடாது.

கொங்குநாடோடி:
இப்போதுதான் தெளிவானது, நன்றி. புதிய துறைமுகத்துக்குள் விடுவார்களா?

முயல்தீவுக்காரன்:
அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள், அதற்காக அலையாதீர்கள். காலையில் பனிமய மாதா கோயில், இப்போது நிற்கிற கட்டடம் 1713இல் கட்டியது. தங்கத் தேர் எல்லா வருடமும் ஓடாது, அதனால் அது இருக்குமா என்று கேட்காதீர்கள். அப்படியே கடற்கரைச் சாலையில் நடந்தால் தோணிக் கொடிமரங்கள் தெரியும். வண்டி கிடைத்தால் கொற்கைக்கும் போய்விட்டு வாருங்கள். இந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கோவை போய்ச் சேருவதற்குள் நமத்துப்போகும்.