மறு: குவாரண்டைனுக்கும் தனிமைப்படுத்தல்தானா?

அண்ணாச்சி, வணக்கம்.

குவாரண்டைனுக்கும் தமிழில் தனிமைப்படுத்தல் என்றே இருக்கட்டும், கொரோனாவில் எல்லாருக்கும் பழகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பழகியது சரி, ஆனால் நாம் தமிழாக்குவது கோழிப்பண்ணைக் கையேடு. ஐசோலேஷனும் குவாரண்டைனும் ஒரே பக்கத்தில் வருகின்றன, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பண்ணைக்காரர் எந்தக் கோழியை எங்கே அடைப்பார்? சீக்குக் கோழியைப் பிரித்து வைப்பது ஐசோலேஷன். பார்க்க நன்றாக இருந்தாலும் தொற்று ஒட்டியிருக்கக்கூடிய புதுக் கோழியை இத்தனை நாள் என்று கெடு வைத்துக் கவனிப்பது குவாரண்டைன்.

ஐசோலேஷனுக்கு வேர் இன்சுலா, லத்தீனில் தீவு. ஆகவே தனிமை அதற்கே உரியது. குவாரண்டைனுக்குள் இருப்பது ஓர் எண்: நாற்பதைக் குறிக்கும் லத்தீன் சொல் வெனிஸ்காரர் வாயில் திரிந்து வந்தது. 1377-ல் அட்ரியாட்டிக் கடற்கரை நகரமான ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் நுழையலாம் என்று விதித்தது. அப்புறம் அது நாற்பதாகி, பெயரும் நிலைத்துவிட்டது. 1969-ல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களுக்கோ 21 நாள், கொரோனாவில் 14. எண் மாறும், கெடு உண்டு என்பது மாறாது.

குவாரண்டைனுக்குத் தடைக்காப்பு என்ற சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் இங்கே எல்லையிலுள்ள புளியரைச் சாவடியில் லாரி டயர்களுக்கு மருந்து அடிப்பார்கள், கோழியோ வாத்தோ ஏற்றிய வண்டியை வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். அதுதான் தடை. குவாரண்டைனில் கெடு முடிந்து நோய் தென்படாவிட்டால் கோழி உள்ளே வந்துவிடும்.

என் பரிந்துரை: காப்பிருப்பு. கோயில் கொடைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் நோயாளி இல்லை, ஆனாலும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார், வழக்கமான சிலவற்றை விலக்கிவிடுவார், காப்பு அவிழ்க்கும் நாளும் கட்டும்போதே தெரியும். கெடு, கட்டுப்பாடு, விடுவிப்பு மூன்றும் அந்த வழக்கத்திலேயே இருக்கின்றன, புதிதாக எதையும் விளக்க வேண்டாம்.

காப்பு என்றால் கைவளை அல்லவா என்று கேட்பார்கள். இருப்பு சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வராது. வினையும் எளிது: ‘புதுக் கோழிகளைக் காப்பில் வையுங்கள்’, ‘காப்பு முடிந்ததும் மற்றவற்றோடு விடுங்கள்’. இடத்துக்குக் காப்பகம் வேண்டாம், அது வேறு பொருளில் ஊன்றிவிட்டது, காப்புக்கொட்டில் போதும்.

மறுப்பு இருந்தால் கையேட்டின் அந்தப் பக்கத்தில் தனிமைப்படுத்தல், காப்பிருப்பு என்ற இரண்டு சொற்களையும் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள் அண்ணாச்சி.